வலைச் செயலிகளைப் பரிசோதிக்கும் பொறி தோன்றிய வரலாறு

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலைச்சாரலிற் கொய்யப்படும் கொழுந்து, வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்தல் என்னும் படிகளைக் கடந்தே தேயிலையாகின்றது. ஒவ்வொரு படிக்கும் மேற்பார்வை உண்டு. ஆயினும், இறுதியிற் சாயத்தை வாயிலிட்டுச் சுவைத்துத் தரம் கூறுபவர், எந்த இயந்திரம் எவ்வாறு ஓடிற்று என்று வினவுவதில்லை. கோப்பையில் உள்ளதே அவருக்குச் சான்று.

வலைச் செயலியை முனையிலிருந்து முனைவரை பரிசோதிக்கும் முறையும் அத்தகையதே. பயனர் உலாவியைத் திறந்து, பெயரை இட்டு, பொத்தானை அழுத்துவதுபோல ஒரு நிரலே அனைத்தையும் செய்து, எதிர்பார்த்தது திரையிலே தோன்றிற்றா என்று ஒப்புநோக்கும்.

இம்முறை பரவுதற்குப் பெருங்காரணமாயது செலீனியம் என்னும் கருவியாகும். 2004ஆம் ஆண்டிலே, சிக்காகோ நகரில், தோட்வர்க்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஜேசன் ஹகின்ஸ் என்பார், ஊழியரின் நேரத்தையும் செலவையும் பதியும் உள்ளகச் செயலியொன்றைத் திரும்பத் திரும்பக் கையாற் சோதிக்கும் தொல்லை நீங்க இதனை ஆக்கினார். பெயர் வந்த கதை சுவையானது. அக்காலத்திற் பரிசோதனைக் கருவிகளை விற்றுவந்த பெருநிறுவனம் மெர்க்குரி, அதாவது பாதரசம், என்னும் பெயருடையது. பாதரச நஞ்சுக்கு முறிவு செலீனியம் என்று ஹகின்ஸ் நகையாடியதே பெயராய் நிலைத்தது.

அக்கருவிக்குக் குறையும் இருந்தது. அது உலாவிக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக ஓடியமையால், ஒரு தளத்தின் நிரல் பிறிதொரு தளத்தைத் தீண்டலாகாது என்னும் உலாவியின் காவல்விதி அதனையும் கட்டுப்படுத்திற்று. சைமன் ஸ்டூவர்ட் ஆக்கிய வெப்டிரைவர், உலாவியை வெளியே நின்று இயக்கி அத்தடையைக் கடந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் செலீனியம் 2 வெளிவந்தது. 2018 யூன் மாதத்தில் வெப்டிரைவர் உலகளாவிய வலைச் சங்கத்தின் நியமமாயிற்று. அன்றுதொட்டு உலாவி ஆக்குவோர் யாவர்க்கும் பொதுவானதொரு வரையறை உண்டு. ஒரு வேடிக்கைப் பெயரின் வழிவந்தது நியமமாய் முடிந்தமை வியப்பே.

செலீனியம் தோன்றிய அதே 2004ஆம் ஆண்டின் திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை அழித்தது. அதன்பின் இந்நாட்டுக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுள் ஆக்கிய மென்பொருள் சகனா. சிங்களத்தில் நிவாரணம் என்பது இதன் பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றின் பதிவேடுகள் அதிலே இருந்தன. பின்னர் பைதன் மொழியிற் புதிதாக எழுதப்பட்ட சகனா ஈடனுக்குச் செலீனியம் வழியான தானியங்கிச் சோதனைகள் எழுதப்பட்டன. அவற்றின் தேவையை உணர்தல் எளிது. ஒரு முகாமிற் பதியப்பட்ட குழந்தையின் பெயர், பிறிதோரிடத்திலே தேடும் தாயின் திரையில் வரவேண்டும். பதியும் பக்கம் தனியே செம்மையாக இயங்கலாம். தேடும் பக்கமும் செம்மையாக இயங்கலாம். இடையிற் கண்ணி அறுந்தாலோ, அத்தாய்க்கு இரண்டும் பயனற்றனவே.

இத்துறையிற் புகுவோர் பெரும்பாலும் தவறுவது ஆசையினால்: தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கான சோதனைகளை எழுதிக் குவித்து, பக்கத்தின் தோற்றம் மாறியதும் அனைத்தும் முறிய, கைவிட்டுவிடுவர். இன்னொரு பிழை காத்திருத்தலைப் பற்றியது. பக்கம் வருவதற்கென ஐந்து விநாடி பொறுக்குமாறு நிரலுக்குப் பணித்தால், விரைவான நாளிற் காலம் வீண். மந்தமான நாளிற் பொய்த் தோல்வி. வேண்டிய உறுப்புத் தோன்றும்வரை பொறுக்குமாறு பணித்தலே தக்கது. 2020இல் மைக்ரோசொப்ற் வெளியிட்ட பிளேரைட் இப்பொறுமையைத் தன் இயல்பாகவே கொண்டது.

ஆதலின் தொடக்கத்திற்கு ஒரே வழி போதும். எல்கடுவ மாணவனொருவன் கைபேசியிற் பரீட்சைப் பெறுபேற்றைத் தேடுவதாகக் கொள்க. சோதனைக்கெனப் பதித்துவைத்த சுட்டெண்ணை நிரல் இடவேண்டும். உரிய பெயரும் புள்ளிகளுமே திரையில் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். அடுத்து, இல்லாத சுட்டெண்ணொன்றை இட்டு, அப்படியோர் எண் இல்லை என்னும் அறிவித்தல் தெளிவாக வருகின்றதா என்றும் பார்க்கவேண்டும். வெறும் பக்கம் வருமாயின், எண்ணைப் பிழையாக இட்ட மாணவன் அதனைத் தன் தோல்வியென்றே எண்ணிக்கொள்வான்.