கணினித் தூரிகையும் நிறக்கலப்பும்

ஒரு நிறம் மற்றொன்றினுள் எல்லைக்கோடின்றிக் கரைதல் ஓவியர் நெடுங்காலம் நாடிய திறனாகும். லியொனார்டோ டாவின்சி மெல்லிய எண்ணெய் வண்ணப் படலங்களை ஒன்றன்மேலொன்றாகப் பூசி இதனைச் சாதித்தார். கணினி இதனை எய்தியது எங்ஙனம்?

1973இல் கலிபோர்ணியாவிலே, செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில், றிச்சர்ட் ஷூப் ஆக்கிய சூப்பர்பெயின்ற் ஒரு படத்தில் 256 நிறங்களையே காட்டவல்லதாயிருந்தது. இரு நிறங்களின் இடைநிறத்தைக் கணித்தல் எளிது. அதற்கு அட்டவணையில் இடமில்லையாயின் கணிப்பினாற் பயனென்னை?

1977 அளவில் நியூயோர்க்கில் அல்வி ரே சிமித் ஆக்கிய ஓவிய நிரல், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் கொண்டது. நிறங்கள் 1,67,77,216 ஆயின. தூரிகையின் நிறமும் அடியிலுள்ள நிறமும் விகிதப்படி சேர்ந்து பிறக்கும் இடைநிறங்கள் தமக்குரிய இடம் பெற்றன. ஆதலின், மென்மையான கலப்புக்குத் தூரிகையினும் நிறப்படிகளின் பெருக்கமே முதற்காரணமாயிற்று எனலாம்.