டெண்டர் எடுக்கும் கம்பெனி கட்சிக்கு எவ்வளவு நன்கொடை தரலாம்? சட்டம் சொல்வது என்ன?

புது ரோடு போட்ட ஆறாம் மாசமே ஜல்லி பெயர்ந்து வந்தால் டீக்கடையில் முதலில் கிளம்பும் பேச்சு, "இந்த காண்டிராக்டர் எந்தக் கட்சிக்கு எவ்வளவு குடுத்தாரோ" என்பதுதான். அப்படி கொடுப்பதற்கு சட்டத்தில் வரம்பு இருக்கிறதா? அதுபற்றிய விவரம் வருமாறு:-

மாநில அரசு வேலையை காண்டிராக்ட் எடுத்து செய்துகொண்டு இருப்பவர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க முடியாது. மத்திய அரசு காண்டிராக்டர் என்றால் எம்.பி. தேர்தலில் நிற்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 9ஏ பிரிவு இப்படி சொல்கிறது. வேலையை முழுசாக முடித்துவிட்டால், பில் பணம் பாக்கி இருந்தாலும் நிற்கலாம்.

ஆனால் அதே காண்டிராக்டர், தேர்தலில் நிற்கிறவரின் கட்சிக்கு பணம் கொடுக்க தனியாக தடை எதுவும் கிடையாது. நிக்கத்தான் கூடாது, குடுக்கலாம்!

7.5 சதவீதம்

டெண்டர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லா கம்பெனிக்கும் ஒரே வரம்புதான். 2013-ம் ஆண்டு கம்பெனி சட்டம் 182-வது பிரிவின்படி, முந்தைய 3 வருட சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை தரலாம். சராசரி லாபம் ரூ.10 கோடி என்றால் ரூ.75 லட்சம். மூன்று வருடம் ஆகாத கம்பெனியும், அரசு கம்பெனியும் தரவே கூடாது. ரொக்கமாக தரக்கூடாது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்ட வேண்டும். மீறினால் கொடுத்த தொகையைப்போல 5 மடங்கு வரை அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு 6 மாதம் வரை ஜெயில்.

இந்த வரம்பு பலமுறை மாறி இருக்கிறது. 1969-ல் கம்பெனி நன்கொடைக்கே தடை போட்டார்கள். 1985-ல் 5 சதவீத வரம்போடு மறுபடி அனுமதித்தார்கள். 2017-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட கோடிக்கணக்கில் தரலாம் என்று ஆனது.

தேர்தல் பத்திரம்

2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் வங்கியில் வாங்கி கட்சிக்கு கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் வெளியே வராது. 15-2-2024 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் பெஞ்ச் இதை ரத்து செய்தது. வரம்பை எடுத்ததும் செல்லாது என்றது. கம்பெனிகள் தரும் நன்கொடை பதிலுக்கு ஆதாயம் எதிர்பார்க்கும் வியாபார நடவடிக்கை என்றும் தீர்ப்பில் கூறப்பட்டது.

அதன்பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. 2019 ஏப்ரல் முதலான கணக்கில், கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் பியூச்சர் கேமிங் ரூ.1,368 கோடிக்கு பத்திரம் வாங்கி முதல் இடம். அதில் ரூ.509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது. ஐதராபாத் மேகா என்ஜினீயரிங் ரூ.966 கோடியோடு 2-வது இடம். காஷ்மீர்-லடாக் பாதையில் ஜோஜிலா சுரங்கப்பாதை வேலை எடுத்த கம்பெனி இது. இதன் பணம் பா.ஜனதா, பி.ஆர்.எஸ்., தி.மு.க. என்று பல கட்சிக்கும் போயிருக்கிறது.

பணத்துக்காகத்தான் டெண்டர் கொடுத்தார்கள் என்று கோர்ட்டு சொல்லவில்லை. சிறப்பு புலனாய்வு குழு விசாரணை கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை.

நம்ம ஊர் காண்டிராக்டர்

இங்கேதான் பெரிய ஓட்டை. 7.5 சதவீதம் என்பது கம்பெனியாக பதிவு செய்தவர்களுக்கு மட்டும். சாக்கடை, கல்வெர்ட்டு, தெரு ரோடு எடுக்கும் சின்ன காண்டிராக்டர்கள் பலர் சொந்தப் பெயரிலோ கூட்டு சேர்ந்தோதான் தொழில் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கட்சி வருமான வரி சலுகை பெறவேண்டும் என்றால் ரூ.2 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது, அவ்வளவுதான். கணக்கில் வராமல் கைமாறும் பணத்தைப் பற்றி சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் மத்திய அரசு காண்டிராக்டர்கள் தேர்தல் நன்கொடை தர 1940 முதலே தடை உள்ளது. பேச்சுவார்த்தை தொடங்கிய நாளில் இருந்து வேலை முடியும்வரை தரக்கூடாது. இங்கே அப்படி சட்டம் இல்லை.

யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வழி உண்டு. ஒருவரிடம் ஒரு வருடத்தில் ரூ.20 ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் கட்சிகள் அவர் பெயரோடு தேர்தல் கமிஷனுக்கு கணக்கு தரவேண்டும். அந்த பட்டியல் கமிஷன் இணையதளத்தில் இருக்கிறது. உங்க ஊர் ரோடு வேலை போர்டில் உள்ள காண்டிராக்டர் பெயரை அதில் தேடிப் பார்க்கலாம். ரூ.20 ஆயிரமோ அதற்கு கீழோ கொடுத்திருந்தால் பெயர் இருக்காது.