லினலோ மரங்களின் நடுவே ஒரு நட்சத்திரம்: தேவிகா ராணியின் இரண்டாம் பாதி

1994 மார்ச் 8 அன்று கர்நாடக அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வாசனை எண்ணெய் தரும் லினலோ மரம் வளர்த்த நிலங்களுக்கு 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் இருந்த விலக்கை அது திரும்பப் பெற்றது. மறுநாள், மார்ச் 9, பெங்களூரில் தேவிகா ராணி காலமானார். அந்த மரங்கள் நின்ற தோட்டம் அவரும் அவர் கணவரும் ஆண்டு வந்த தோட்டம். இந்திப் பேசும்படத்தின் முதல் பெரும் நட்சத்திரத்தின் கதை ஒரு வருவாய்த்துறை அறிவிக்கையோடு அடுத்தடுத்த நாளில் முடிந்திருக்கிறது. திரைப்பட வரலாறுகள் இதைச் சொல்வதில்லை.

அவர் நடித்தது 1933 முதல் 1943 வரை, பத்தே ஆண்டுகள். 1945இல் திரைத்தொழிலையே விட்ட பின் அவர் வாழ்ந்தது 49 ஆண்டுகள். நூல்கள் அந்தப் பத்தாண்டுகளை விரித்து எழுதிவிட்டு, பின்னதை ‘ரஷ்ய ஓவியரை மணந்து ஒதுங்கினார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இந்தப் பிரிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பம்பாயின் மலாட் படப்பிடிப்பு நிலையத்தையும் பெங்களூரின் கனகபுரா சாலைத் தோட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அவர் யார் என்பது புலப்படும்.

தேவிகா ராணி பிறந்தது 1908 மார்ச் 30, விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில். அன்று அது சென்னை மாகாணம். தந்தை மன்மதநாத் சௌத்ரி அம்மாகாணத்தின் முதல் இந்திய சர்ஜன் ஜெனரல். தாகூர் குடும்பத்தோடு உறவு. சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டவர், நடிப்பும் இசையும் கற்றார். துணிகளுக்கு வடிவமைப்பு வரைந்து பிழைக்கவும் செய்தார். 1928இல் படத் தயாரிப்பாளர் ஹிமான்சு ராயைச் சந்தித்தார். மறு ஆண்டு திருமணம். ராயின் ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ மௌனப் படத்தில் உடை, அரங்க வேலைகளில் பங்கெடுத்தார். பிறகு பெர்லினில் உஃபா நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடங்களில் தொழிலைக் கண்ணால் கண்டு கற்றார். கேமராவுக்கு முன்னால் வருவதற்கு முன்பே அதன் பின்னால் நின்று பழகியவர் அவர். பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்த விவரம் தேவை.

அவர் நடித்து 1933இல் லண்டனில் திரையிடப்பட்ட ‘கர்மா’ பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தியத் திரையின் முதல் முத்தம், நான்கு நிமிட முத்தம் என்று தொண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். முத்தக் காட்சி அதற்கு முந்தைய மௌனப் படங்களிலேயே உண்டு. கர்மாவில் வருவது, பாம்பு கடித்து நினைவிழந்து கிடக்கும் இளவரசனை இளவரசி தவிப்போடு முத்தமிடும் காட்சி. ஒரு பெண்ணின் முழுத் தொழில்வாழ்வை அந்தச் சில நொடிகளுக்குள் அடைத்துவிட்டது நம் எழுத்துலகம் செய்த அநீதி.

1934இல் ராயும் தேவிகாவும் பம்பாய்க்கு அப்பால் மலாடில் பாம்பே டாக்கீஸைத் தொடங்கினர். தனி முதலாளி ஒருவரின் பணப்பையை நம்பாமல், பங்கு நிறுவனமாகப் பதிவு செய்து, மாதச் சம்பளத்தில் ஆட்களை வைத்து நடத்திய நிலையம் அது. ஜெர்மனியிலிருந்து இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டனும் ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங்கும் வந்தனர். இசைக்குச் சரஸ்வதி தேவி. அந்நாளில் ஒரு பெண் இசையமைப்பாளர் என்பதே அரிது.

1936இல் வந்த ‘அச்சூத் கன்யா’வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். களம் ஒரு ரயில்வே கேட். கேட் காவலாளியின் மகள் கஸ்தூரி தீண்டாமைக்கு ஆளான சாதி. மளிகைக் கடைக்காரரின் மகன் பிரதாப் பிராமணன். சாதி இருவரையும் வேறு வேறு மணங்களுக்குத் தள்ளுகிறது. கடைசியில் தண்டவாளத்தில் பாய்ந்து வரும் ரயிலை நிறுத்த ஓடிய கஸ்தூரி அதில் அடிபட்டே சாகிறாள். பிரதாப்பாக நடித்த அசோக் குமார் சில மாதங்கள் முன்புவரை அதே நிலையத்தின் ஆய்வுக்கூட ஊழியர். தேவிகா ராணி தன் பாட்டைத் தானே பாடினார். திருத்திய புருவமும் மேல்தட்டு நடையும் கொண்ட கிராமத்துப் பெண் பொருந்தவில்லை என்ற குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த அதே ஆண்டில், தாகூர் உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்த வேடத்தை ஏற்று நாடு முழுக்கத் திரையில் நின்றது சிறிய செயல் அல்ல. அந்த ஆண்டில்தான் தமிழில் டி.பி. ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார். வடக்கிலும் தெற்கிலும் பெண்கள் நடிப்போடு நிற்காமல் படத்தொழிலின் நிர்வாகத்துக்குள் கால் வைத்த காலம் அது.

1939இல் போர் மூண்டதும் ஆஸ்டனும் விர்ஷிங்கும் எதிரி நாட்டவரென்று சிறைப்பிடிக்கப்பட்டனர். 1940 மே மாதம் ஹிமான்சு ராய் மறைந்தார். 32 வயதில் தேவிகா ராணி கையில் நிலையத்தின் பொறுப்பு வந்தது. அவர் தலைமைக் காலத்தில் வெளிவந்த ‘கிஸ்மத்’ (1943) கல்கத்தா ராக்ஸி திரையரங்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1956இல் தமிழில் ‘பிரேம பாசம்’ ஆனது அந்தக் கதைதான். ஆனால் கிஸ்மத், நிலையத்துக்குள் எதிரணியாக நின்ற தயாரிப்பாளர் எஸ். முகர்ஜி குழுவின் வெற்றி. அந்தக் குழு அசோக் குமாரோடு வெளியேறி ஃபில்மிஸ்தானைத் தொடங்கியது. ஆள் பற்றாக்குறை நேர்ந்த அந்தச் சமயத்தில் யூசுஃப் கான் என்ற இளைஞரை மாதம் 1250 ரூபாய் சம்பளத்தில் சேர்த்து, திலீப் குமார் என்ற பெயரையும் முன்வைத்தவர் தேவிகா ராணி. திலீப் குமாரின் முதல் படம் ‘ஜ்வார் பாட்டா’ 1944இல் வந்தது. ஆளைக் கண்டு எடைபோடும் அந்தக் கண்ணை நடிப்புத் திறனுக்கு மேலாக மதிக்கிறேன்.

1945இல் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்தார். குலு பள்ளத்தாக்கில் சில காலம் இருந்த பின் இருவரும் பெங்களூர் வந்தனர்.

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கமிருந்து சொன்னால், அவர்களுடைய தாதகுணி தோட்டம் பன்னேர்கட்டாக் காட்டுக்கு அந்தப் பக்கம், கனகபுரா சாலையோரம் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் அது பெங்களூர் தெற்கு வட்டம், கெங்கேரி ஹோப்ளி, பி.எம். காவல் கிராமம்; 450 ஏக்கருக்கு மேல். ஆனேக்கல் வட்டத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து கிளம்பும் யானைகளுக்கு வட்ட எல்லை தெரியாது. தாதகுணி அவை இறங்கும் இடம்.

தோட்டத்தின் பயிர் லினலோ. மெக்சிகோவிலிருந்து வந்த மரம் அது. சிறு காய்களைப் பறித்து உலர்த்தினால் தோல் வெடித்துப் பிரியும். அந்தத் தோலை நீராவியில் வடித்தால் லாவண்டர் போல மணக்கும் எண்ணெய் இறங்கும். சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் அது கேட்பாரற்றுப் போகாத சரக்கு. மலாடில் நிலையம் நடத்தியவர் இங்கே தோட்டம் நடத்தினார். ரோரிக் வரைந்தார். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் உள்ள நேருவின் உருவப்படம் அவர் கை வண்ணம். பெங்களூர் சித்ரகலா பரிஷத்தில் ரோரிக் பெயரில் ஓவியக்கூடமே உண்டு.

விருதுகள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1958இல் பத்மஸ்ரீ. 1969ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது நிறுவப்பட்டபோது முதலாவதாக அதைப் பெற்றவர் தேவிகா ராணி. கால் நூற்றாண்டாகத் திரையில் தோன்றாத ஒருவருக்கு அதைத் தந்தது சரியான முடிவு என்றே சொல்வேன். ஒரு தொழிலைக் கட்டியெழுப்பிய கை அது.

1993 ஜனவரியில் ரோரிக் இறந்தார். அடுத்த ஆண்டு தேவிகா ராணி. பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருந்தபோதே நிலத்தில் பெரும்பகுதி கே.டி. பிளாண்டேஷன் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 1996இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் இயற்றித் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வரை போனது. 1978இன் 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி 300ஏ பிரிவாக மாறியிருந்தது. அந்தப் பிரிவில் இழப்பீடு என்ற சொல்லே கிடையாது. 2011 ஆகஸ்ட் 9 அன்று அமர்வு, தோட்டச் சட்டமும் 1994 மார்ச் 8 அறிவிக்கையும் செல்லும் என்றது. கூடவே, பொதுநோக்கம் இல்லாமல் நிலத்தை எடுக்க முடியாது, இழப்பீடு கோரும் உரிமை 300ஏ பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றும் விளக்கியது. நெடுஞ்சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் இழப்பவருக்காக வாதாடும் வழக்கறிஞர் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டலாம். ஆனேக்கல் வட்டத்து ஜிகணி, அத்திபெலே பக்கம் நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த குடும்பங்களுக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல.

அதே 2011இல்தான் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையையும் வெளியிட்டது. தபால்தலை நடிகையை நினைவூட்டியது. தீர்ப்பு தோட்டக்காரியை நினைவூட்டியது. முன்னது மட்டுமே திரைப்பட வரலாற்றில் ஏறியிருக்கிறது.

இனி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கஸ்தூரியின் கதைக்குப் படச்சுருள் இருக்கிறது, வழக்குக்குத் தீர்ப்பு நகல் இருக்கிறது. தாதகுணித் தோட்டத்தில் காய் பறித்தவர்கள், எண்ணெய் வடித்தவர்கள், வீட்டு வேலை பார்த்தவர்கள் சொல்லக்கூடியது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. தேவிகா ராணி காலத்தில் இளம் வயதில் அங்கே கூலிக்குப் போனவருக்கும் இன்று வயதாகியிருக்கும். கனகபுரா சாலைக் கிராமங்களிலும் காட்டுக்கு இந்தப் பக்கம் ஆனேக்கலிலும் அப்படி ஒருவரை அறிந்தவர்கள், அவர் பேசுவதை இந்த ஆண்டே பதிவு செய்து வையுங்கள்.