பாட்டா

எங்கட ஊரில் ரப்பர் செருப்புக்குப் பெயர் பாட்டா. எந்தக் கொம்பனி செய்தாலும் பாட்டாதான். சிங்களச் சனத்துக்கும் அப்படியே. மூடிய காலணி என்றால் சப்பாத்து. அது போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி எல்லாமே அவன் தந்தவைதான். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவனை 1658 இல் ஒல்லாந்தன் துரத்திவிட்டான். சொற்கள் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. பாட்டா எங்கேயிருந்து வந்தது என்று ஊரில் இருக்கும்வரை நான் யோசித்ததேயில்லை.

போன மாதம் வீடு மாறினோம். சாமான் ஒதுக்கும்போது அலுமாரிக்கு அடியிலிருந்து ஒன்பது சோடி சப்பாத்து வெளியே வந்தது. எட்டு, ரெஸ்ரோரன்ட் குசினியில் போட்டுத் தேய்ந்தவை. எண்ணெய்த் தரையில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் நின்றால் எந்தச் சப்பாத்தும் ஒரு வருசம் தாண்டாது. ஒன்பதாவது, 2007 இல் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு வெளிக்கிட்டபோது கொழும்பில் வாங்கிய மண்ணிறச் சோடி. அடி வெடித்து, உள்தோல் தூளாகக் கொட்டியது.

"இஞ்சாருங்கோ, இதையும் கட்டிக்கொண்டு வரப்போறியளோ?" என்றா மனிசி.

இங்கே பழைய உடுப்புப் பெட்டிக்குள் போடுவதென்றால் இன்னொருவர் போடக்கூடிய சப்பாத்தாக இருக்கவேண்டும், சோடியாகக் கட்டியும் இருக்கவேண்டும். தேய்ந்தது குப்பைக்குத்தான், அதுவும் பாசலில் காசு கொடுத்து வாங்கும் நீலப்பைக்குள். ஒன்பதையும் போட்டேன். போடமுதல் அந்த மண்ணிறச் சோடியின் உள்ளே பார்த்தேன். பாட்டா என்ற எழுத்து பாதி அழிந்து கிடந்தது. அதிலிருந்துதான் இந்தத் தேடல்.

தோமாஸ் பாட்டா மொராவியாவில் ஸ்லின் என்ற சிற்றூர்க்காரர். பரம்பரை பரம்பரையாகச் சப்பாத்துத் தைத்த குடும்பம். 1894 இல் அண்ணன், அக்காவோடு சேர்ந்து பட்டறை தொடங்கினார். சீக்கிரமே கடன். தோல் வாங்கக் காசில்லாமல் கன்வஸ் துணியில் சப்பாத்துச் செய்தார்கள், அதுவே அவர்களைத் தூக்கிவிட்டது. பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஒரு சாதாரணத் தொழிலாளியாக மெசின் வேலை பழகிக்கொண்டு திரும்பினார். 1922 இல் காசின் பெறுமதி குழம்பி வியாபாரம் படுத்தபோது சப்பாத்து விலையைப் பாதியாகக் குறைத்தார். தொழிலாளியின் சம்பளத்தையும் வெட்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1923 இல் அதே ஊருக்கு நகரபிதாவானார். தோலோடு வேலை செய்த பரம்பரையில் எங்கட ஊரில் பிறந்திருந்தால் அந்தக் காலத்தில் கோயில் வாசலைக்கூடத் தாண்ட விட்டிருக்கமாட்டோம்.

1929 நெருக்கடிக்குப் பிறகு நாடுகள் எல்லாம் சுங்கவரியை ஏற்றின. வரிக்கு வெளியே நின்று விற்கேலாது என்று கண்டவர்கள் அந்தந்த நாட்டுக்குள்ளேயே தொழிற்சாலை கட்டினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் அப்படி வந்ததுதான். சுவிசில் கட்டிய இடம் மேலின். பாசலிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். 1932 யூலை 12 அன்று சுவிசுக்கு வரத்தான் தோமாஸ் பாட்டா விமானம் ஏறினார். மூடுபனி. எழும்பிய சில நிமிடத்தில் விமானம் விழுந்து அவரும் விமானியும் செத்தார்கள். ஒரு லீவு நாளில் நான் மேலினுக்குப் போய்ப் பார்த்தேன். தொழிற்சாலையை 1990 இல் மூடிவிட்டார்கள். தட்டைக் கூரைக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

என்னைப் பிடித்து வைத்தது அதற்குப் பிந்திய கதை. 1939 இல் ஹிட்லரின் படை செக் நாட்டுக்குள் வந்தபோது, கொம்பனி தன் யூத ஊழியர்களை வெளிநாட்டுக் கிளைகளுக்கு வேலை மாற்றம் என்று அனுப்பியது. அப்படி ஸ்லினிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர் ஒரு டொக்டர். 1942 இல் யப்பான்காரன் வந்தபோது அவர் இறந்துபோனார். மனைவி இரண்டு பெடியன்களோடு இந்தியாவுக்குத் தப்பி, டார்ஜிலிங்கில் பாட்டா கடையொன்றை நடத்தினா. இளைய பெடியன்தான் பின்னாளில் பெரிய நாடகாசிரியரான டொம் ஸ்டொப்பார்ட்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை, சேறு. அம்மாவின் பாட்டாவில் வார் அறுந்து, ஊசி குத்திப் போட்டா. கொஞ்சத் தூரத்தில் அதுவும் கழன்றுவிட்டது. குனிந்து தேடமுடியாது, பின்னால் சனம் தள்ளும். விடிந்து பார்த்தால் றோட்டுக்கரை முழுக்க ஒற்றைச் செருப்புகள்.

தோமாஸின் மகனும் 1939 இல் கனடாவுக்கு வெளிக்கிட்டவர்தான். 1945 இல் ஸ்லின் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது. 1949 இல் ஊரின் பெயரையே கொட்வால்டோவ் என்று மாற்றினார்கள். ஆட்சி கவிழ்ந்து 1989 டிசம்பரில் அவர் திரும்பிப் போனபோது வயது 75. ஊரே திரண்டு வந்து வரவேற்றது. ஊருக்குப் பழைய பெயரும் கிடைத்தது. தொழிற்சாலை கிடைக்கவில்லை. 1948 பெப்ரவரிக்குப் பிறகு பறித்ததைத்தான் திருப்பிக் கொடுப்போம் என்று 1991 இல் சட்டம் போட்டார்கள். 1945 அதற்குள் அடங்காது.

வலிகாமம் வடக்கில் எங்கட காணியை விட்டு வெளிக்கிட்டது 1990 இல். 2017 இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டார்கள், எங்கடது அதற்குள் இல்லை. அப்பா உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி இன்னும் வைத்திருக்கிறார்.