பாலாவின் மாணி சார்

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், மீனச்சில் ஆற்றங்கரையில் இருக்கிறது பாலா. ரப்பர் தோட்டங்களும் தேவாலயங்களும் நிறைந்த இந்த ஊரின் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உருவாகி, 1965-ல் முதல் தேர்தலைச் சந்தித்தது. அதில் வென்றவர் கே.எம்.மாணி. அடுத்த 54 ஆண்டுகளில் பாலாவில் நடந்த எல்லாச் சட்டமன்றத் தேர்தல்களிலும் அவரே வென்றார். மொத்தம் 13 தேர்தல்கள். 2019 ஏப்ரல் 9 அன்று, 86-ஆவது வயதில் அவர் இறந்தபோது, வேறொரு சட்டமன்ற உறுப்பினரைக் கண்டறியாத தொகுதியாகவே பாலா இருந்தது.

கரிங்ஙோழக்கல் மாணி மாணி 1933 ஜனவரி 30 அன்று, பாலாவுக்கு அருகிலுள்ள மரங்ஙாட்டுப்பிள்ளியில் ஒரு சிரியன் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை சட்டக் கல்லூரியில் படித்துவிட்டுக் கோழிக்கோட்டில் சில காலம் வழக்கறிஞராக இருந்தார். பிறகு சொந்த ஊர்ப்பக்கம் திரும்பி காங்கிரஸில் தீவிரமானார். கோட்டயம் மாவட்ட காங்கிரஸ் கமிட்டியின் செயலாளர் பொறுப்பு வரை வந்த நிலையில், கட்சியே அவர் காலடியில் இரண்டாகப் பிளந்தது.

பிளவுக்குக் காரணம் பி.டி.சாக்கோ. ஆர்.சங்கர் அமைச்சரவையில் உள்துறையைக் கையில் வைத்திருந்த சாக்கோ, மத்திய திருவிதாங்கூர் விவசாயிகளிடம் பெரும் செல்வாக்கு உள்ளவர். உட்கட்சிப் பூசலில் 1964 பிப்ரவரியில் பதவி விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தார். அவரது ஆதரவாளர்களான 15 சட்டமன்ற உறுப்பினர்கள் செப்டம்பரில் கைவிட்டதும் சங்கர் அரசு கவிழ்ந்தது. 1964 அக்டோபர் 9 அன்று கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. அதற்குப் பெயர் சூட்டியவர் நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபன். கே.எம்.ஜார்ஜ் தலைவரானார். ரப்பர் விவசாயிகள், மலைநாட்டில் குடியேறியவர்கள், கோயில் சார்ந்த நாயர் குடும்பங்கள், தேவாலயம் சார்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் என நிலம் வைத்திருப்பவர்களின் கட்சியாகவே அது தொடக்கத்திலிருந்து இருந்தது.

1965 தேர்தலில் புதிய கட்சிக்கு 23 இடங்கள் கிடைத்தன. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் சட்டமன்றம் கூடாமலே கலைக்கப்பட்டது. பாலாவில் வென்ற மாணிக்கு உறுதிமொழி ஏற்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. 1967-ல் கேரள காங்கிரஸ் வெறும் ஐந்து இடங்களுக்குச் சுருங்கியது. அந்த ஐந்தில் பாலாவும் ஒன்று. 1970-ல்தான் அவர் மயிரிழையில் தப்பினார். பிற்காலத்தில் மேகாலயா ஆளுநரான எம்.எம்.ஜேக்கப் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். மாணி ஜெயித்தது 364 வாக்குகளில். அந்த 364 பேர் மனம் மாறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், கேரள காங்கிரஸ் அச்சுத மேனன் அமைச்சரவையில் சேர்ந்தது. மாணி நிதியமைச்சரானார். மாநிலத்தில் அதிக பட்ஜெட்டுகளை, மொத்தம் 13, தாக்கல் செய்தவர் என்று அவர் பின்னாளில் பெற்ற பெயருக்கு அங்கேதான் தொடக்கம். 1977-ல் ஏ.கே.அந்தோணி அமைச்சரவையில் உள்துறை கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் உயர் நீதிமன்றம் அவரது தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றதால் பதவி விலகினார். அவருக்குப் பதிலாக அதே கட்சியின் பி.ஜே.ஜோசப் உள்துறையை ஏற்றார். உச்ச நீதிமன்றத்தில் மாணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததும், 1978 செப்டம்பரில் ஜோசப் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். அரசியலில் அபூர்வமான காரியம் இது. ஆனால் அந்த நல்லுறவு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. கட்சித் தலைமை யாருக்கு என்ற போட்டியில் 1979-ல் இருவரும் பிரிந்தார்கள். மாணியின் அணி கேரள காங்கிரஸ் (எம்) ஆனது.

அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து என்பது அதன்பின் கேரள காங்கிரஸ்களின் அடையாளமாகிவிட்டது. பாலகிருஷ்ண பிள்ளை பெயரில் ஒன்று, ஜோசப் பெயரில் ஒன்று, 1993-ல் டி.எம்.ஜேக்கப் பெயரில் ஒன்று. 1985-ல் மாணியும் ஜோசப்பும் மீண்டும் சேர்ந்தார்கள், 1987-ல் பிரிந்தார்கள், 2010-ல் இடதுசாரி அமைச்சரவையை விட்டுவிட்டு வந்த ஜோசப் மறுபடி மாணியுடன் இணைந்தார். வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் கட்சி என்று மாணியே தன் கட்சியைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் ஒரு கணக்கும் இருந்தது. கொள்கையில் பெரிய வேறுபாடு இல்லாத இந்தத் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தாலுகா, தங்களுக்கென்று சில ஆயிரம் விவசாயக் குடும்பங்கள் இருந்தன. காங்கிரஸ், இடதுசாரி முன்னணிகளுக்கிடையே சில இடங்கள் வித்தியாசத்தில் ஆட்சி மாறும் மாநிலத்தில், அந்தத் தாலுகாக்களுக்கு எப்போதும் விலை இருந்தது.

அந்த விலையை மாணி இரு பக்கமும் பெற்றார். 1980-ல் இடதுசாரிகளுடன் சேர்ந்து ஈ.கே.நாயனார் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் தந்த அரசு அது. 1981 அக்டோபரில் அந்தோணியின் காங்கிரஸ் அணி விலகியது, மாணியும் விலகினார், நாயனார் ஆட்சி போனது. டிசம்பரில் கே.கருணாகரன் அமைத்த அரசு சபாநாயகர் ஏ.சி.ஜோஸின் வாக்கைத் தாங்குகட்டையாக வைத்து நின்றது. 1982 மார்ச்சில் அதைக் கவிழ்த்தவர் லோனப்பன் நம்பாடன். அவர் மாணியின் சொந்தக் கட்சி உறுப்பினர். மற்றவர்களின் ஆட்சிக்கு ஆதரவை விலக்கிக்கொள்ளும் கலை, மாணியின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி வென்றது. மாணி மீண்டும் அமைச்சரானார். அதன்பின் 2016 வரை அவர் அந்த முன்னணியிலேயே இருந்தார்.

கட்சி மாற்றங்களைவிட அவர் வைத்திருந்த துறைகள் அதிகம் சொல்லும். நிதி, சட்டம், வருவாய் ஆகிய மூன்றுமே திரும்பத் திரும்ப அவரிடம் வந்தன. இடுக்கி மலைகளில் காடு திருத்திக் குடியேறியவர்களுக்குப் பல தலைமுறைகளாக ஒரே கோரிக்கைதான்: பட்டயம், அதாவது நிலப்பட்டா. உணவுப் பஞ்சக் காலத்தில் அரசே மலையேறச் சொன்ன விவசாயிகள், பிறகு வனச் சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 1991 முதல் 1996 வரை மாணி வருவாய் அமைச்சராக இருந்தபோது, 1977 ஜனவரி 1-க்கு முன்பு நடந்த குடியேற்றங்களை முறைப்படுத்தும் தனி விதிகள் 1993-ல் வந்தன. அதை எதிர்த்துச் சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். விவசாயிக்கு நியாயமாகப் பட்டது, காட்டுக்கு இழப்பாகப் பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிக் கேரளத்தில் பின்னாளில் எழுந்த பெரிய விவாதங்களின் வேர் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

இந்த ஆதரவுத் தளத்துக்கு ஒரு தத்துவமும் வேண்டும் என்று நினைத்தவர் மாணி. ‘அத்வான வர்க்கம்’, உழைக்கும் வர்க்கம் என்ற பெயரில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். நிலம் இருக்கிறது என்பதற்காகச் சிறு விவசாயியை முதலாளி என்று ஒதுக்கிவிட முடியாது, அவனும் தொழிலாளியே என்பது அதன் சாரம். மார்க்சியர்கள் சிரித்தார்கள். ஆனால் கூலியாள் வைக்காமல் விடியற்காலையில் தானே பால் வெட்டப் போகும் இரண்டு ஏக்கர் ரப்பர்காரருக்கு, அது தன்னைப் பற்றிய விவரணையாகத்தான் பட்டிருக்கும்.

2011-ல் உம்மன் சாண்டி அமைச்சரவையில் நிதியமைச்சரான மாணி, ‘காருண்யா’ லாட்டரியைக் கொண்டுவந்தார். புற்றுநோய், இதயநோய், சிறுநீரகநோய் போன்றவற்றால் அவதிப்படும் ஏழைகளின் சிகிச்சைச் செலவுக்கு அதன் வருமானம் போனது. 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் விசித்திரமாகத் தோன்றலாம். கேரளத்தில் லாட்டரி அரசே நடத்தும் தொழில். அதற்கு ஒரு மருத்துவமனை முகம் கொடுத்தது அவர் சாமர்த்தியம்.

2014 அக்டோபர் இறுதியில் எல்லாம் தலைகீழானது. மூடப்பட்ட 418 மதுக்கூடங்களைத் திறக்க ஒரு கோடி ரூபாய் லஞ்சம் வாங்கியதாக மதுக்கூட உரிமையாளர் ஒருவர் குற்றம் சாட்டினார். மாணி மறுத்தார். விஜிலன்ஸ் வழக்குப் பதிந்தது. 2015 மார்ச் 13 அன்று அவரைப் பட்ஜெட் படிக்க விடமாட்டோம் என்று எதிர்க்கட்சியினர் முந்தின இரவே அவைக்குள் படுத்தார்கள். மாணியும் வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று சட்டமன்ற வளாகத்திலேயே தங்கினார். காலையில் சபாநாயகரின் நாற்காலி தூக்கி வீசப்பட்டது, கணினிகள் உடைந்தன. அவைக் காவலர்களின் வளையத்துக்குள் நின்றபடி அவர் சில பகுதிகளைப் படித்து, தன் 13-ஆவது பட்ஜெட்டை மேசையில் வைத்தார். அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழாமல் போன அறிவிப்பு ஒன்று உண்டு: ரப்பர் கிலோவுக்கு 150 ரூபாய் உறுதி செய்ய 300 கோடி ரூபாய் ஒதுக்கீடு.

உயர் நீதிமன்றத்தின் கடுமையான கருத்துக்களுக்குப் பின், 2015 நவம்பர் 10 அன்று அவர் பதவி விலகினார். விஜிலன்ஸ் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது; நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கு முடிவதற்குள் அவர் காலம் முடிந்தது. 2016-ல் பாலா அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது, 4,703 வாக்குகளில். காங்கிரஸ் தன்னை வீழ்த்தச் சதி செய்தது என்ற கோபத்தில் அந்த ஆகஸ்டில் முன்னணியைவிட்டு வெளியேறினார். 2018-ல் மகன் ஜோஸ் கே.மாணிக்கு மாநிலங்களவை இடம் கிடைத்ததும் திரும்பினார். முதலமைச்சர் பதவி மட்டும் கடைசிவரை கைகூடவில்லை.

அவர் இறந்ததும் ஜோஸும் ஜோசப்பும் கட்சிக்கு உரிமை கோரினார்கள். கட்சியின் சின்னம் இரட்டை இலை; தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு இருப்பது அதே சின்னம்தான், அங்கும் அது நீதிமன்றப் படிகளை அறிந்ததே. 2019 செப்டம்பர் இடைத்தேர்தலில் இந்தச் சண்டையால் மாணியின் கட்சி வேட்பாளருக்கு அந்தச் சின்னம் கிடைக்கவில்லை. அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். மாணியிடம் முன்பு தோற்ற தேசியவாத காங்கிரஸின் மாணி சி.காப்பன் 2,943 வாக்குகளில் வென்றார். பாலாவுக்கு இரண்டாவது சட்டமன்ற உறுப்பினர் கிடைத்தார். அவர் பெயரும் மாணி. 2020-ல் ஜோஸ் இடதுசாரி முன்னணிக்குப் போக, காப்பன் அங்கிருந்து எதிர் முன்னணிக்கு வந்தார். 2021-ல் ஜோஸ் தந்தையின் தொகுதியில் நின்று காப்பனிடம் தோற்றார். அவையில் மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் என்ற மாணியின் சாதனையை, புதுப்பள்ளி தொகுதியின் உம்மன் சாண்டி 2022 ஆகஸ்டில் கடந்தார்.