டெபியன் களஞ்சியமும் காவலர் கடனும்

மன்னர் அமைத்த களஞ்சியங்களும் செல்வர் தொகுத்த நூல்நிலையங்களும் வரலாற்றிற் பல உள. ஆணையும் ஊதியமுமின்றித் தன்னார்வலர் கூடித் தொகுத்துப் பேணுங் களஞ்சியங்களோ மிகச் சில. கணினித்துறையில் அத்தகைய ஒன்று டெபியன் என்னும் மென்பொருட் களஞ்சியமாகும்.

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள், அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மேர்டொக் என்பார் இம்முயற்சியை அறிவித்தார். யாவரும் பெறவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய மென்பொருள்களை, லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஒழுங்குபடத் தொகுத்தளித்தலே அவர் நோக்கம். 1996ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 2023ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அத்தொகை 64,000ஐக் கடந்தது.

இப்பெருக்கம் தொழிற்பகுப்பின் விளைவாகும். மென்பொருளை ஆக்குவார் ஒருவர். அதனைப் பொதியாக்கிக் களஞ்சியத்திற் சேர்ப்பார் பெரும்பாலும் வேறொருவர். பின்னவர் பராமரிப்பாளர் எனப்படுவர். மூலநிரலைப் பெறுதல், அஃது எவ்வெப் பொதிகளைச் சார்ந்து இயங்குமென வரையறுத்தல், உரிம விதிகளை ஆராய்தல், பயன்படுத்துவோர் அறிவிக்கும் வழுக்களைக் களைதல் ஆகியன அவர்தம் கடமைகள். 1997ஆம் ஆண்டு யூலை மாதம், புறூஸ் பெரென்ஸ் தலைவராயிருந்த காலத்தில், டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தை வகுத்தது. தாம் செய்யுந் திருத்தங்களை மூல ஆக்குநர்க்கு அளித்தலும், குறைகளை மறையாமையும் அதில் உறுதியளிக்கப்பட்டன.

இவ்விரு உறுதிகளும் பின்னர் ஒரு சோதனைக்குள்ளாயின. ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்பது கணினிகளுக்கிடையே மறைவாகச் செய்தி செல்லுதற்குரிய திறவுகோல்களை ஆக்கும் மென்பொருள். 2006ஆம் ஆண்டு, நிரல்களைச் சோதிக்குங் கருவியொன்று அதன் இரு வரிகள் பற்றி எச்சரித்தது. பராமரிப்பாளர் மூல ஆக்குநர்தம் குழுவில் வினவினார். மறுப்பு எழாமையால் அவற்றை நீக்கினார். அவற்றுள் ஒன்றே திறவுகோல்களுக்கு வேண்டிய தற்செயற்றன்மையைச் சேர்த்து வந்ததாகும். அதன்பின், ஒரு திறவுகோலை மற்றொன்றினின்று வேறுபடுத்த எஞ்சியது, கணினி ஒவ்வொரு செயற்பாட்டிற்கும் இடும் எண் மட்டுமே. அவ்வெண் வழக்கமாக 32,768ஐ விஞ்சாது. ஆகவே, எண்ணற்கரியனவாக இருக்கவேண்டிய திறவுகோல்கள், ஒரு வகைக்கும் அளவிற்கும் அச்சிறு தொகையுள் அடங்கின. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் இவ்வழு பரவிற்று.

மூலநிரல் யாவர்க்குந் திறந்தே கிடந்தும் ஏறத்தாழ இரண்டாண்டு எவரும் இதனை உணர்ந்திலர். முடிவில் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த டெபியன் உறுப்பினர் லூசியானோ பெல்லோ என்பார் இதனைக் கண்டறிந்தார். 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் டெபியன் தன் தவற்றை உலகறிய வெளியிட்டு, வலுவற்ற திறவுகோல்களை இனங்காணுங் கருவியையும் அளித்தது. எனினும் பொதியைத் திருத்தியதனால் மட்டும் தீங்கு அகலவில்லை. அக்காலத்தில் அதனால் ஆக்கப்பெற்ற திறவுகோல்கள் அனைத்தையும் மாற்றவேண்டிய சுமை பயன்படுத்துவோர் மேல் விழுந்தது.

குறையை மறையாமை என்னும் உறுதி இங்குக் காக்கப்பட்டது. ஆயின் அத்திருத்தம் மூலநிரலிற் சேராது டெபியன் பொதியிலேயே தங்கியமையால், அதனை ஆக்கியோர் கூர்ந்து நோக்கும் வாய்ப்பு நழுவிற்று. நூல் திறந்திருப்பதனால் மட்டும் பிழை நீங்கிவிடாது. அதனைப் படிப்போரும் வேண்டும். பராமரிப்பாளரின் பெயரைப் பயன்பெறுவோருட் பெரும்பாலார் அறியார். அவர் நீக்கும் ஒரு வரியோ அவர்கள் அனைவரையுந் தாக்கும். ஒரு வரி எதன்பொருட்டு எழுதப்பட்டதென்பது ஐயமற விளங்கும்வரை வினவும் பொறுமையே இக்களஞ்சியக் காவலரின் தலையாய கடனாகும்.