குறிகட்டுவானில் நின்றுவிடும் இலவசம்

நம் நாட்டில் பள்ளிக்கூடம் இலவசம், அரச வைத்தியசாலையும் இலவசம். வெளிநாட்டவரிடம் பெருமையாகச் சொல்வோம். யாழ் தீவகத்தைப் பொறுத்தவரை அந்த இலவசம் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடுகிறது என்பேன்.

தீவகம் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் தீவுகள் இரண்டு வகை. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு போன்றவற்றுக்குப் பண்ணை வழியாக யாழ் நகரிலிருந்து பஸ் போகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகுதான்.

நெடுந்தீவில் வசிப்போர் சுமார் 4,000 பேர். அங்கே வைத்தியசாலை உண்டு. ஆனால் சத்திரசிகிச்சை என்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்குத்தான் வர வேண்டும். குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரக் கடல், அதன்பின் தரைவழி. 2018இல் வடக்குக்கு வந்த 1990 அம்புலன்ஸ் சேவை நல்ல சேவைதான், ஆனால் வண்டி கடலில் ஓடாதே! நீரிழிவுக்காரர் ஒருவர் கிளினிக் வந்து போவதற்கு மருந்துக்குக் காசில்லை. படகு, பஸ், சாப்பாடு, கூட வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் அவர் செலவு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் படகே ஓடாத நாட்களும் உண்டு.

நான் ஆசிரியர் என்பதால் பள்ளிக்கூடம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படகில் வரும் ஆசிரியர் இருக்கும்வரை முதல் பாடவேளையைத் தீர்மானிப்பது அதிபரின் மணி அல்ல, படகுதான். கஷ்டப் பிரதேச நியமனத்தில் வருபவர் உரிய காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். குறைசொல்ல முடியாது; அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லாதபோது, வசதியுள்ள பெற்றோர் யாழ் நகரில் அறை எடுத்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் எண்ணிக்கை கணக்கிடப்படுவதால் அதுவும் குறைகிறது. பின்னும் சிலர் போகிறார்கள். மிஞ்சுவது அறை எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் மீள்குடியேற்றம் என்றதும் பிள்ளைகளின் படிப்பைத்தான் முதலில் கேட்கின்றன. ஆகவே இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல.

வருமானம் கடலும் பனையும் கால்நடையும். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப் போவது ஒருபுறம். பிடித்த மீனைப் பழுதாகாமல் வைக்க ஐஸ் வேண்டும், ஐஸுக்கு மின்சாரம் வேண்டும் என்பது இன்னொருபுறம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை ஆனது, நன்கொடை 1.1 கோடி டொலர். முதலில் இத்திட்டம் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போய், இந்தியா ஆட்சேபித்ததால் கைமாறியது. வல்லரசுகளின் இழுபறியில் காத்திருந்தது தீவு மக்கள்தான்.

இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லாத வேலையும் உண்டு. படகு நேரத்தைப் பள்ளிக்கூட மணியோடும் கிளினிக் நாளோடும் பொருத்தலாம். தீவிலேயே பிறந்து படித்தவர்களை ஆசிரிய பயிற்சிக்கு எடுத்து, அங்கேயே நியமிக்கலாம். நல்ல தண்ணீரும் மின்விசிறியும் உள்ள ஆசிரியர் விடுதி இருந்தால், வெள்ளிக்கிழமைப் படகுக்கு வியாழனே மனம் கிளம்பாது.